15 நொடியில் கடக்க முடியாத சாலை யாருக்காகப் போடப்பட்டது?

#1 மெல்லநடை

என் அம்மாவுக்கு 76 வயது. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கைத்தடி ஊன்றித்தான் நடக்கிறார், ஆனால் தினமும் நடக்கிறார். போன வாரம் மருந்து வாங்க இருவரும் கிளம்பினோம். சிக்னலில் பச்சை மனிதன் எரிந்ததுமே சாலையில் இறங்கிவிட்டோம். பாதியைக் கொஞ்சம் தாண்டியபோது பச்சை விட்டுவிட்டு எரிய ஆரம்பித்தது. எதிரே நின்ற வண்டிகள் உறுமத் தொடங்கின. என் முழங்கையைப் பிடித்திருந்த அம்மாவின் பிடி இறுகியது. அவர் முகத்தில் பயத்தைவிட வெட்கம்தான் அதிகம் தெரிந்தது. எல்லோரையும் காக்க வைக்கிறோமே என்ற வெட்கம்.

வீட்டுக்கு வந்ததும், "இனிமே நீயே போய் வாங்கிட்டு வந்துடு" என்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் அளவுநாடாவும் ஸ்டாப்வாட்சும் எடுத்துக்கொண்டு அங்கே போனேன். சாலை அகலம் 18 மீட்டர். பச்சை 15 நொடி. வீட்டுத் தெருவில் அதே தூரத்தை அம்மாவை நடக்க வைத்துப் பார்த்தேன். 24 நொடி ஆனது.

மனிதர்களுக்கான நகரம் என்று எல்லோரும் பேசுகிறார்கள். படங்களில் அழகான பெஞ்சுகள், பூந்தொட்டிகள், சிரித்தபடி நடக்கும் இளைஞர்கள். எந்த மனிதரை மனதில் வைத்து இதையெல்லாம் வரைகிறார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். இந்தத் துறையில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

#2 கோடும்அளவும்

சாலை வடிவமைப்பில் முப்பது வருடம் வேலை பார்த்தவன் நான். உங்கள் கணக்கைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. 18-ஐ 15-ஆல் வகுத்துப் பாருங்கள், நொடிக்கு 1.2 மீட்டர் வரும். பல நாடுகளின் விதிநூல்களில் நடப்பவருக்கென்று வைத்திருக்கும் வேகம் அதுதான். ஆரோக்கியமான ஒரு நடுவயதுக்காரர் சாதாரணமாக அப்படி நடப்பார். ஆனால் இங்கிலாந்தில் 65 வயது தாண்டியவர்களின் நடையை அளந்து 2012-ல் வெளியான ஆய்வில், ஆண்களின் சராசரி நொடிக்கு 0.9 மீட்டர், பெண்களின் சராசரி 0.8 மீட்டர். உங்கள் அம்மாவின் வேகம் 0.75. அவர் வயதுப் பெண்கள் நடப்பது கிட்டத்தட்ட அப்படித்தான். விதிநூல்தான் அவர்களை விட்டுவிட்டு எழுதப்பட்டிருக்கிறது.

இதன் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. ஒரு சாலையைத் திட்டமிடும்போது முதல் வேலை எண்ணுவது. சாலைக்குக் குறுக்கே ஒரு ரப்பர் குழாயைப் போட்டுவிட்டால், மேலே ஏறும் ஒவ்வொரு சக்கரத்தையும் அது பதிவுசெய்யும். காலடிகளை அது பதிவுசெய்யாது. அப்புறம் அந்தச் சந்திப்புக்கு முதல் தரம், கடைசித் தரம் என்று மதிப்பெண் போடுவோம். மதிப்பெண் எதை வைத்து? ஒரு வண்டி சராசரியாக எத்தனை நொடி காத்திருந்தது என்பதை வைத்து. நடந்து வந்தவர் இரண்டு நிமிடம் வெயிலில் நின்றாரா, பயந்து திரும்பிப் போனாரா என்பதெல்லாம் தாளிலேயே ஏறாது. எதை எண்ணவில்லையோ அதற்குத் தீர்வும் வராது. நானும் இப்படித்தான் பல சந்திப்புகளை வரைந்திருக்கிறேன். இன்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

மாற்றி எண்ணிய ஊர்களும் உண்டு. கோபன்ஹேகனில் ஸ்ட்ரொயெட் என்ற கடைத்தெருவை 1962-ல் வண்டிகளுக்கு மூடினார்கள். அதன் பிறகு யான் கேல் என்ற கட்டடக் கலைஞரும் அவரோடு வேலை செய்தவர்களும் தெருவில் நின்று ஆட்களை எண்ண ஆரம்பித்தார்கள். எத்தனை பேர் நடக்கிறார்கள், எத்தனை பேர் நிற்கிறார்கள், எங்கே உட்கார்கிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று வருடக்கணக்கில் பதிவுசெய்தார்கள். ஒரு தெருவை மூடினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு நகராட்சியிடம் எண்களோடு பதில் இருந்தது. அந்த ஊர் படிப்படியாக மாறியதற்கு இந்தக் கணக்குப் புத்தகமும் ஒரு காரணம்.

சிக்னல் விஷயத்தில் சிங்கப்பூர் 2009-லிருந்து ஒன்று செய்கிறது. முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் தங்கள் அட்டையைக் கம்பத்தில் காட்டினால் பச்சை சில நொடிகள் கூடுதலாக எரியும். நல்ல ஏற்பாடு. ஆனாலும் எல்லோருக்கும் போதுமான நேரம் தரும் சிக்னலே என் முதல் தேர்வு.

#3 கடைவாசல்

உங்கள் அம்மா கதை மனதைத் தொட்டது. ஆனால் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நான் சிறு கடை வைத்திருப்பவன். இப்படிப் பேச்சு ஆரம்பித்தால் அது கடைசியில் கடை வாசலில் இருக்கும் பார்க்கிங்கை எடுப்பதில்தான் போய் நிற்கிறது. வண்டி நிறுத்த இடம் இல்லையென்றால் வாடிக்கையாளர் பெரிய வணிக வளாகத்துக்குப் போய்விடுவார். சரக்கு எப்படி வந்து இறங்கும்? திட்டம் போடுகிறவர்களுக்கு மாதம் பிறந்தால் சம்பளம். எனக்கு அப்படி இல்லை.

#4 கோடும்அளவும்

கடைவாசல் சார், இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஏறக்குறைய எல்லா ஊரிலும் வியாபாரிகள் இதையே சொல்லியிருக்கிறார்கள். பிரேசிலின் குரிச்சிபாவில் 1972-ல் மேயர் ஜைமி லெர்னர் முக்கியக் கடைத்தெருவை நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஆக்கினார். எதிர்ப்பு கிளம்பித் தடை வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று, ஒரு வெள்ளிக்கிழமை ஆரம்பித்து 72 மணி நேரத்தில் வேலையை முடித்தார்கள். கார்க்காரர்கள் சிலர் வண்டியை உள்ளே ஓட்டிவந்து தெருவை மீட்கத் திட்டமிட்டபோது, நீளமாகக் காகிதச் சுருளை விரித்துக் குழந்தைகளைப் படம் வரைய உட்கார வைத்தார்கள். கொஞ்ச நாளில் அதே வியாபாரிகள் அந்த ஏற்பாட்டை மற்ற தெருக்களுக்கும் நீட்டிக்கச் சொன்னார்கள்.

ஆனால் இதை வைத்து எல்லாக் கடையும் பிழைத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். சோபா விற்கும் கடையும் புத்தகம் விற்கும் கடையும் ஒன்றல்ல. சரக்கு இறக்குவது பற்றிய உங்கள் கேள்வி நூறு சதவீதம் நியாயம். ஸ்பெயினின் பொந்தேபெத்ரா 1999-லிருந்து நகர மையத்தில் வண்டிகள் சும்மா கடந்துபோவதை நிறுத்தியது. சரக்கு வண்டிகளுக்குக் குறிப்பிட்ட நேரம் அனுமதி உண்டு. நோயாளியை இறக்கிவிட, அவசரத்துக்கு வர வழி உண்டு. மையத்தைச் சுற்றி வெளிவட்டத்தில் வண்டியை விட்டுவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் நடக்கலாம். சரக்கு நேரத்தை வரைபடத்திலேயே எழுதாமல் கடைத்தெருவில் கைவைக்கிற திட்டத்தை நீங்கள் எதிர்ப்பது சரிதான்.

#5 குட்டிச்சக்கரம்

இரண்டு குழந்தைகளின் அம்மா நான். சின்னவனைத் தள்ளுவண்டியில் வைத்துத்தான் வெளியே போகிறேன். நான் கடக்க வேண்டிய சாலையில் சிக்னலே கிடையாது, நடைமேம்பாலம் ஒன்று இருக்கிறது. 42 படி ஏற வேண்டும், 42 படி இறங்க வேண்டும். ஒரு கையில் தள்ளுவண்டி, மறுகையில் மூத்தவள். ஏறி நின்று கீழே பார்த்தால் வண்டிகள் தடையில்லாமல் பறந்துகொண்டிருக்கும். நடப்பவர் பாதுகாப்புக்காகக் கட்டியது என்று பலகை வைத்திருக்கிறார்கள். சக்கரத்தில் போகிறவர் சமதரையில் போகிறார், காலில் போகிறவர் மாடி ஏறுகிறார். மெல்லநடை கேட்ட கேள்விக்கு அந்தப் படிக்கட்டே பதில் சொல்கிறது.

டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்பவர் 1960-களின் கடைசியில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரே மாதிரியான மூன்று தெருக்களை ஆராய்ந்தார். நாளொன்றுக்குச் சுமார் 2,000 வண்டி போகும் தெரு ஒன்று, 8,000 போகும் தெரு ஒன்று, 16,000 போகும் தெரு ஒன்று. முதல் தெருவில் ஒருவருக்குச் சராசரியாக மூன்று நண்பர்கள் அதே தெருவில் இருந்தார்கள். மூன்றாவது தெருவில் ஒருவர்கூட முழுதாக இல்லை, 0.9 தான். எது "என் வீடு" என்று படத்தில் காட்டச் சொன்னபோது, முதல் தெருக்காரர்கள் தெரு முழுவதையும் காட்டினார்கள். கடைசித் தெருக்காரர்கள் வாசலோடு நிறுத்திக்கொண்டார்கள். என் மகளுக்கு எதிர்வீட்டுப் பெண்ணின் பெயர் தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நடுவில் ஓடுவது அப்படிப்பட்ட சாலை.

நெதர்லாந்து பிறவியிலேயே சைக்கிள் நாடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. 1971-ல் அங்கே சாலை விபத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அதில் நானூறுக்கும் மேல் குழந்தைகள். "குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்" என்ற பெயரில் பெற்றோர்கள் இயக்கம் நடத்தினார்கள், தெருவை மறித்தார்கள். வீட்டுத்தெருவில் நடப்பவருக்கும் விளையாடும் குழந்தைக்கும்தான் முதல் உரிமை, வண்டி நடை வேகத்தில் வரவேண்டும் என்பது 1976-ல் அங்கே சட்டமானது. இன்று படங்களில் பார்க்கும் அந்த அமைதியான தெருக்கள் போராடி வாங்கியவை.

#6 கடைசிப்பேருந்து

எல்லாம் சரி. ஆனால் வேலைக்கு 20 கிலோமீட்டர் போக வேண்டியவன் என்ன செய்வான்? நடக்கவா? சாலை அகலமானால்தான் நான் சீக்கிரம் வீடு திரும்ப முடியும்.

#7 கோடும்அளவும்

அகலமாக்கிப் பார்த்த இடங்களின் கதை வேறு. ஹூஸ்டனில் கேட்டி நெடுஞ்சாலையை 2008-ல் சில இடங்களில் 26 தடம் வரை விரித்தார்கள். சில வருடங்களிலேயே நெரிசல் நேரப் பயணம் மறுபடி நீளத் தொடங்கியது. இடம் கிடைத்ததும் புதிய வண்டிகள் வந்து நிரப்பின. வீடுகளும் இன்னும் தூரம் தள்ளிப் போய் முளைத்தன. ஸ்டாக்ஹோம் எதிர்த்திசையில் போனது. 2006-ல் நகருக்குள் வரும் வண்டிகளுக்குக் கட்டணம் வைத்துச் சோதித்தபோது எல்லையைக் கடக்கும் வண்டிகள் ஐந்தில் ஒன்று குறைந்தன. ஆரம்பத்தில் எதிர்த்த மக்களில் பலரே பலனைப் பார்த்த பிறகு ஆதரித்தார்கள்.

உங்கள் 20 கிலோமீட்டருக்கு நான் நடையைச் சொல்லவே மாட்டேன். நேரத்துக்கு வரும் பேருந்து வேண்டும், அதற்குத் தனித் தடம் வேண்டும். ஆனால் பேருந்தில் வருகிற ஒவ்வொருவரும் இறங்கியதும் நடப்பவர்தான். உங்கள் பயணத்தின் முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் மெல்லநடையின் அம்மா நடக்கும் அதே நடைபாதையில்தான்.

#8 கடைசிப்பேருந்து

இறங்கும் நிறுத்தத்தில் நடைபாதையே இல்லை. சாக்கடை மூடி மேல்தான் நடக்கிறேன். அதை இதுவரை இந்தப் பேச்சோடு சேர்த்துப் பார்த்ததில்லை.

#9 வெள்ளைக்கோல்

எனக்குக் கண் பார்வை இல்லை. திரைவாசிப்பான் மூலம் இந்த இழை முழுவதையும் கேட்டேன். ஒன்று சொல்ல வேண்டும்.

மனிதருக்கான வடிவமைப்பு என்ற பெயரில் வரும் எல்லாமே எனக்கு நல்லதாக அமைவதில்லை. நடைபாதை, சாலை என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லாவற்றையும் ஒரே மட்டமாகப் போட்டு, கண்ணோடு கண் பார்த்து எல்லோரும் விட்டுக்கொடுத்துப் போகலாம் என்று ஒரு முறை இருக்கிறது. நெதர்லாந்தின் ஹான்ஸ் மாண்டர்மன் இதற்குப் பெயர் பெற்றவர். கண்ணோடு கண் பார்க்க முடியாதவர் என்ன செய்வது? எனக்கு நடைபாதையின் விளிம்புதான் எல்லைச் சுவர். கோல் நுனி அதில் தட்டினால்தான் நான் எங்கே நிற்கிறேன் என்று தெரியும். பிரிட்டனில் பார்வையற்றோர் அமைப்புகள் இந்த முறையை எதிர்த்ததற்குக் காரணம் இதுதான்.

நான் சாலை கடப்பது எப்படி என்று சொல்கிறேன். முதலில் காலடியில் புடைப்பு ஓடுகளைத் தேடுவேன். புள்ளி புள்ளியாக இருந்தால் நில், நீளக் கோடாக இருந்தால் நட என்று பொருள். ஜப்பானில் செய்யீச்சி மியாக்கே என்பவர் கண்டுபிடித்து, 1967-ல் ஒக்கயாமா நகரில் ஒரு பார்வையற்றோர் பள்ளி அருகே முதன்முதலாகப் பதித்த ஓடு இது. பிறகு என் முன்னால் குறுக்கே ஓடும் வண்டிச் சத்தம் அடங்குகிறதா, பக்கவாட்டில் இணையாகப் போகும் சத்தம் கிளம்புகிறதா என்று கேட்பேன். இரண்டும் நடந்தால் அடி எடுத்து வைப்பேன். மின்சார வண்டிகள் வந்த பிறகு இந்தக் காதுக் கணக்கு தடுமாறுகிறது.

நான் தினமும் போகும் வழியில் அந்த ஓடுகளை ஒழுங்காகப் பதித்திருக்கிறார்கள். நேராகப் போய் ஒரு மின்கம்பத்தில் முடிகிறது. பதித்தவர் ஒருவர், கம்பம் நட்டவர் இன்னொருவர். முதல் நாள் நெற்றியில் வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு முறை நடந்து பார்த்திருந்தால் போதும், இருவரில் ஒருவருக்காவது தெரிந்திருக்கும்.

#10 மெல்லநடை

வெள்ளைக்கோல், நன்றி. நடைபாதை விளிம்பை முழுக்கத் தரைமட்டமாக்கச் சொல்லி மனு எழுதியிருந்தேன். அந்த வரியை எடுத்துவிட்டேன்.

#11 நிழல்தேடி

யாரும் வெயிலைப் பேசவில்லையே. எவ்வளவு நல்ல நடைபாதையாக இருந்தாலும் மதியம் இரண்டு மணிக்கு நிழல் இல்லையென்றால் அதில் ஆள் நடமாட்டம் இருக்காது. தார்ச்சாலையும் சிமெண்டும் பகலில் குடித்த சூட்டை இரவில் கக்குகின்றன. மரம் வைக்கிறோம் என்று ஒரு சதுர அடிக் குழி தோண்டிச் சுற்றிலும் சிமெண்டால் பூசிவிடுகிறார்கள். வேருக்கு மூச்சும் இல்லை, தண்ணீரும் இல்லை. அது மரமாகாது, குச்சியாகவே நிற்கும். மரத்தைக் கணக்கிடும்போது எண்ணிக்கையை விட்டுவிட்டு, மண் எத்தனை கன மீட்டர், பத்து வருடத்தில் விதானம் எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

மரம் வளரும்வரை கட்டடமே நிழல் தரலாம். சிங்கப்பூரில் 1822-ஆம் ஆண்டின் நகரத் திட்டத்திலேயே, கடைவீடுகளின் முகப்பில் ஐந்தடி அகலத்துக்குக் கூரை போட்ட நடைவழி விடவேண்டும் என்று விதித்தார்கள். வெயிலுக்கும் மழைக்கும் ஒரே பதில், இன்றும் ஆட்கள் அதில் நடக்கிறார்கள்.

சியோல் இன்னும் துணிச்சலாகச் செய்தது. சொங்கிச்சோன் ஓடையை மூடி அதன்மேல் உயர்த்திக் கட்டியிருந்த விரைவுச்சாலையை 2003-ல் இடிக்க ஆரம்பித்து, 2005-ல் 5.8 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடையைத் திறந்துவிட்டார்கள். பக்கத்துத் தெருக்களைவிட ஓடைக்கரையில் கோடையில் வெப்பம் சில டிகிரி குறைந்தது. பெரும்பாலான தண்ணீரைப் பம்பு வைத்துத்தான் ஓடவிடுகிறார்கள், அங்கே இருந்த நடைபாதை வியாபாரிகள் பலர் இடம்பெயர நேர்ந்தது. இரண்டு குறையும் உண்மை. ஆனாலும் விரைவுச்சாலை போனதால் நகரம் முடங்கிவிடவில்லை.

#12 வாடகைவீடு

நடைபாதை வியாபாரிகள் இடம்பெயர்ந்தார்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். எனக்கு அங்கேதான் கவலை. தெரு அழகானால் வாடகை ஏறும். நியூயார்க்கில் பழைய ரயில் பாதையின் மேல் 2009-ல் திறந்த ஹை லைன் பூங்காவைச் சுற்றி விலையுயர்ந்த அடுக்ககங்கள் எழுந்தன. பக்கத்து அரசுக் குடியிருப்பில் இருந்தவர்களுக்குப் பூங்கா சரியாகப் பயன்படவில்லை என்று அதை உருவாக்கியவர்களில் ஒருவரே பின்னாளில் ஒத்துக்கொண்டார். மர நிழல் வந்த வருடம் வாடகைக்காரர் வெளியேறினால், அந்த நிழல் அடுத்து வருகிற பணக்காரருக்குத்தான்.

வியன்னாவில் மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதிப் பேர் நகராட்சி வீட்டிலோ மானிய வீட்டிலோ இருக்கிறார்கள். அதனால் தெருவைச் சீர்செய்தாலும் ஆட்கள் அங்கேயே இருக்க முடிகிறது. வீட்டையும் தெருவையும் ஒரே மேசையில் வைத்துத் திட்டமிடாவிட்டால் இந்தப் பேச்சில் எனக்கு நம்பிக்கை வராது.

#13 குட்டிச்சக்கரம்

வாடகைவீடு சொல்வதை ஏற்கிறேன். வியன்னா பற்றி இன்னொன்று: 1990-களில் அங்கே கவனித்தபோது, ஒன்பது வயதுக்குப் பிறகு சிறுமிகள் பூங்காவுக்கு வருவது சட்டென்று குறைந்துபோனது தெரிந்தது. பந்து விளையாடும் ஒரே பெரிய இடத்தைப் பையன்கள் பிடித்துக்கொண்டார்கள், சிறுமிகள் சண்டை போடாமல் விலகிவிட்டார்கள். அந்த இடத்தைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, நுழைவுவழியை அகலப்படுத்தி, குழுவாக உட்கார இடம் வைத்ததும் சிறுமிகள் திரும்ப வந்தார்கள். தடை என்று எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை. வராதவர்களை யாராவது எண்ணிப் பார்த்ததால்தான் தெரிந்தது.

#14 கோடும்அளவும்

மெல்லநடை, மனு எழுதுவதாகச் சொன்னீர்கள். பொதுவாக "வசதி செய்து தருக" என்று எழுதினால் பொதுவான பதில்தான் வரும். எண்களாக எழுதுங்கள்.

பச்சையை 24 நொடியாக்கச் சொன்னால், வண்டிகளின் வரிசை நீளும் என்று மறுப்பார்கள். அதையும் கேளுங்கள், ஆனால் கூடவே இரண்டு வழி காட்டுங்கள். ஒன்று, கடக்கும் இடத்தில் மட்டும் நடைபாதையை இரு பக்கமும் 2 மீட்டர் முன்னால் நீட்டலாம். அங்கே ஓரத்தில் வண்டி நிறுத்துவார்கள் என்றால் அந்த இடம் எப்படியும் ஓடும் தடம் இல்லை. 18 மீட்டர் 14 ஆகும், அம்மாவுக்கு 19 நொடி போதும். இரண்டு, நடுவில் மீடியன் தீவு. 9 மீட்டரை 12 நொடியில் கடந்து நின்றுகொள்ளலாம், மீதியை அடுத்த பச்சையில் கடக்கலாம். இப்போது இருக்கும் 15 நொடியிலேயே முடியும். மாற்ற முடியாது என்று சொல்ல அவர்களுக்குக் காரணமே இருக்காது.

வேகத்தையும் சேருங்கள். 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, ஓட்டுநர் ஆளைப் பார்த்ததிலிருந்து ஏறக்குறைய 13 மீட்டரில் நின்றுவிடும். 50-ல் வருபவர் அந்த 13 மீட்டருக்குள் பிரேக்கில் காலே வைத்திருக்க மாட்டார். ஹெல்சிங்கியில் 2019-ல் நடந்து போனவர் ஒருவர்கூடச் சாலையில் இறக்கவில்லை. வேகத்தைக் குறைத்தது அதில் பெரும் பங்கு வகித்தது.

#15 வெள்ளைக்கோல்

தீவு கேட்கிறீர்கள் என்றால் குறைந்தது 2 மீட்டர் ஆழம் கேளுங்கள். சக்கர நாற்காலியும் தள்ளுகிறவரும் சேர்ந்து நிற்க வேண்டும். நடுவில் படி ஏறாமல், சாலை மட்டத்திலேயே வெட்டிய வழியாக இருக்க வேண்டும். இரண்டு முனையிலும் புள்ளி ஓடு பதிக்க வேண்டும், இல்லையென்றால் தீவில் நிற்கிறேனா சாலையில் நிற்கிறேனா என்று எனக்குத் தெரியாது. பச்சை வந்ததும் ஒலி எழுப்பும் கம்பம் தீவிலும் ஒன்று வேண்டும்.

#16 கடைவாசல்

அந்த 2 மீட்டர் நீட்டிப்பு என் கடை மாதிரி ஒரு கடை முன்னால் வந்தால் இரண்டு வண்டி நிறுத்தும் இடம் போகும். சரி, போகட்டும். சரக்கு இறக்கக் காலை பத்து மணிவரை அனுமதி என்று மனுவிலேயே ஒரு வரி போடுங்கள், அந்தப் பக்கத்துக் கடைக்காரர்களிடமும் நீங்கள் கையெழுத்து வாங்க முடியும்.

#17 மெல்லநடை

எல்லாவற்றையும் சேர்த்து எழுதிவிட்டேன். அகலம், நொடி, 0.75, தீவின் ஆழம், ஓடுகள், ஒலிக் கம்பம், சரக்கு நேரம், 30 வேகம். மரக்குழியின் அளவையும் நிழல்தேடிக்காகச் சேர்த்தேன். வாடகை விஷயம் ஒரு சிக்னல் மனுவில் அடங்கவில்லை, அதற்குத் தனியாக எழுத வாடகைவீடு உதவினால் நல்லது.

இரவு அம்மாவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "நடுவுல நிக்கிற இடத்துல பிடிச்சுக்க ஒரு கம்பி வேணும்னு எழுதினியா?" என்றார். எழுதியிருக்கவில்லை. தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் வேண்டும் என்று கதவு நிலையில் கை வைத்துக் காட்டச் சொல்லி அளந்தேன். 85 சென்டிமீட்டர். அதையும் சேர்த்துவிட்டேன்.